நீலக்கண் வேண்டிய சிறுமி

ஒரு நூலின் பெயரைத் தமிழாக்கப் புகுந்து மூன்று நாள் முயன்று தோற்றேன். பெயர் நெடிய பெயரன்று. ‘த புளூவெஸ்ற் ஐ’ என்பது அது. மூன்றே சொற்கள், அவற்றுள் முதலாவது, ஆங்கிலத்தார் பெயர்ச்சொல்லுக்கு முன் நிறுத்தும் வெறுஞ் சுட்டு. எஞ்சியவை நீலமும் கண்ணுமே. ஐந்தாம் வகுப்பு மாணவனும் அறிந்த சொற்கள். ஆயினும் அவற்றைத் தமிழில் வைக்க என்னால் இயலவில்லை.

இடர்ப்பாடு இரண்டு. ஆங்கிலத்தில் ஒரு பண்பை மூன்று படியாக உயர்த்துவர்: நீலம், அதனினும் நீலம், யாவற்றினும் நீலம். மூன்றாம் படிக்கு அவர்களிடம் தனி விகுதி உண்டு, எம்மிடம் இல்லை. நாம் ஐந்தாம் வேற்றுமையைத் துணைக்கொண்டு ஒன்றை மற்றொன்றோடு உறழ்ந்துதான் சொல்லவேண்டும். ‘எல்லாவற்றினும் நீலமான’ என்று வைத்தாற் பொருள் வந்துவிடும். ஆனால் ஒரு சிறு பெண்ணின் வாயில் அச்சொல் வராது. மற்றையது, கண் ஒருமையில் நிற்பது. இரு கண்களையும் மாற்றித் தரும்படி இரக்கின்ற பிள்ளையின் கதைக்கு ஒற்றைக் கண்ணைப் பெயராக வைத்தது ஏன்? ஆங்கிலத்திற் கண்ணைக் குறிக்கும் ஒலியும் ‘நான்’ என்பதைக் குறிக்கும் ஒலியும் ஒன்றே. நீலமோ அவர்கள் வழக்கில் துயரத்தின் நிறமுமாம். ஆகவே, அப்பெயரைக் காதாற் கேட்பவனுக்கு ‘யாவரினும் துயருற்ற நான்’ என்று வேறொரு பொருளும் உள்ளிருந்து ஒலிக்கும். காளமேகம் வந்தாலும் இச்சிலேடையைத் தமிழிற் கட்டுதல் அரிது. நான் எம்மாத்திரம்!

நூலைத் தந்தவர் எங்கள் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கும் நண்பர். கீழைத்தேயக் கல்லூரியில் ஆங்கில ஆசிரியராக இருப்பது கோயில் வாசலிற் கோழிக்கடை வைப்பது போன்றது என்று தம்மைத் தாமே பரிகசித்துக்கொள்ளும் சுபாவம் உடையவர். “பண்டிதர், இதை வாசியுங்கோ. பிழை பிடிக்காமல் வாசியுங்கோ” என்று மேசையில் வைத்துவிட்டுப் போனார். எனது ஆங்கிலம் அகராதியின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் ஆங்கிலம். ஏறக்குறைய இருநூறு பக்கங் கொண்ட நூலை வாசித்து முடிக்க ஐந்து வாரம் சென்றது. அதனால் நட்டமில்லை. விரைந்து ஓடத் தெரிந்தவர்கள் தாண்டிப் போகக்கூடிய இடங்களில் எல்லாம் நான் இடறி விழுந்து எழும்பவேண்டியிருந்தது.

ஆசிரியை ரொனி மொறிசன். இயற்பெயர் குளோயி வொஃபர்ட். வட அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்திலே, ஈரி என்னும் பேரேரியின் கரையிலுள்ள லொறெயின் என்ற உருக்காலை நகரில் 1931இற் பிறந்தவர், கறுப்பினப் பெண்மணி. 1993இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதலாவது கறுப்பினப் பெண் அவரே. 2019இல் தமது எண்பத்தெட்டாம் வயதிற் காலமானார். நான் வாசித்தது அவருடைய முதல் நாவல். 1962இல் எழுத்தாளர் குழு ஒன்றில் வாசிப்பதற்காகச் சிறுகதையாகத் தொடங்கி, பின்னர் இரண்டு ஆண் குழந்தைகளைத் தனியே வளர்த்துக்கொண்டு, பதிப்பகத்தில் வேலையும் பார்த்துக்கொண்டு, விடியுமுன் எழுந்திருந்து எழுதி முடித்தது. 1970இல் வெளிவந்தபோது ஆசிரியைக்கு வயது முப்பத்தொன்பது. முதலில் அது பெரிதாக விலைபோகவும் இல்லை.

நாவலின் வித்து ஒரு சிறு சம்பவம். மொறிசன் பாலர் வகுப்பிற் பயின்ற காலத்தில், கூடப் படித்த கறுப்பினச் சிறுமி ஒருத்தி தனக்கு நீலக் கண்கள் வேண்டும் என்றாளாம். அந்த முகத்தில் நீலக் கண்களை வைத்துக் கற்பனை செய்து பார்த்த மொறிசனுக்கு அருவருப்பே தோன்றியதாம். பல ஆண்டுகள் கழித்து அவர் தம்மைக் கேட்டுக்கொண்ட கேள்வி, அவள் ஏன் அப்படி விரும்பினாள் என்பதன்று. அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது யார் என்பது. கற்பித்தல் என்னுந் தொழிலைச் செய்பவன் இக்கேள்வியை இலகுவிற் கடந்துபோக முடியாது.

நாவல் ஒரு பாலபாடத்தோடு தொடங்குகிறது. 1930ஆம் ஆண்டு தொட்டு அமெரிக்கப் பாடசாலைகளிற் பரவலாக வழங்கிய வாசிப்பு நூல் வரிசை ஒன்று உண்டு. டிக் என்ற சிறுவனும் ஜேன் என்ற சிறுமியும் அதன் நாயகர்கள். பச்சையும் வெள்ளையுமான அழகிய வீடு, சிரிக்கும் தாய், வலிமை மிக்க தந்தை, பூனை, நாய் என்று உலகம் ஒரு குறையுமின்றி அதில் நிறைந்திருக்கும். எல்லோரும் வெள்ளையர். அவ்வரிசையில் ஒரு கறுப்பினக் குடும்பம் தலைகாட்டியது 1965இலே தான். முப்பத்தைந்து ஆண்டுகளாகக் கறுப்பினக் குழந்தைகளும் அந்நூலை வைத்தே எழுத்துக்கூட்டினர். எழுத்தறிவோடு கூடவே, தங்கள் வீடு வீடல்ல, தங்கள் தாய் தாயல்ல என்னும் பாடத்தையும் கற்றுக்கொண்டனர்.

மொறிசன் அப்பாடத்தின் சாயலில் அமைந்த ஒரு பகுதியை மூன்று முறை அச்சிடுகிறார். முதன்முறை ஒழுங்காக. இரண்டாம் முறை தரிப்புக் குறிகளைக் களைந்துவிட்டு. மூன்றாம் முறை சொற்களுக்கிடையிலான வெளியையும் நீக்கி, எழுத்தோடு எழுத்து நெருங்கி மூச்சு முட்டும்படி. ஏட்டுச்சுவடி வாசித்துப் பழகியவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை தென்படும். எமது ஏடுகளிலும் சொல்லுக்குச் சொல் இடைவெளியில்லை, தரிப்புக் குறியில்லை, புள்ளியைக்கூட இடாது விடுவர். ஆயினும் கற்றவன் கையில் எடுத்தாற் சொற்கள் தாமே பிரிந்து சீராக நிற்கும். இங்கு நேர்மாறு. பிரிந்து நின்ற சொற்கள் நெருங்கிப் பித்தரின் பிதற்றல் போலாகின்றன. கதையில் வரும் பெண் பிள்ளைக்கு நேரப்போவதும் அதுவே. பின்வரும் அத்தியாயங்கள் சிலவற்றின் தலைப்பிலும் அந்தப் பாடத்தின் ஒவ்வொரு துண்டு இவ்வாறே நெருங்கி நிற்கிறது. வீடு என்ற துண்டின் கீழே, முன்னர் கடையாக இருந்து கைவிடப்பட்ட ஓர் இருண்ட கட்டடத்தில் வாழும் குடும்பத்தைக் காட்டுகிறார். தாய் என்ற துண்டின் கீழே அக்குடும்பத்தின் தாயைக் காட்டுகிறார்.

அப்பிள்ளையின் பெயர் பெக்கோலா பிறீட்லவ். வயது பதினொன்று. பிறீட்லவ் என்ற குடும்பப் பெயர் ‘அன்பை வளர்த்தல்’ என்று பொருள்படும். ஆசிரியை கைப்போடு இட்ட பெயர். 1940க்கும் 1941க்கும் இடைப்பட்ட ஓராண்டு, இலையுதிர்காலந் தொடங்கிக் கோடை வரை, கதை நடக்கிறது. பெக்கோலா அழகற்றவள் என்று எல்லோரும் சொல்கின்றனர், அவளும் நம்புகிறாள். வகுப்பிலே இருவர் இருக்கவேண்டிய வாங்கிலே தனியே இருக்கிறாள். வீட்டிலே தாயும் தந்தையும் கைகலக்கும்போது கட்டிலிற் படுத்தபடி, தன்னை மறைத்துவிடும்படி கடவுளை வேண்டுகிறாள். விரல்கள் மறைகின்றன, கைகால்கள் மறைகின்றன, வயிறும் நெஞ்சும் மறைகின்றன. எவ்வளவு முயன்றும் கண்கள் மட்டும் மறைய மறுக்கின்றன. பார்த்த காட்சிகள் எல்லாம் அங்கேயே தங்கிவிட்டன. ஆகவே கண்ணை மாற்றினாற் காட்சியும் மாறிவிடும் என்று அவள் தீர்மானிக்கிறாள். என் கண் அழகாயிருந்தால் தாய் தந்தையர் அந்த அழகிய கண்களின் முன்னே சண்டையிட நாணுவார்கள் அல்லவா? இது பேதைமை என்று தள்ளிவிடக்கூடிய நியாயமன்று. நன்றாக யோசித்த நியாயம். ஓராண்டு காலம் ஒவ்வோர் இரவும் தவறாது அவள் நீலக் கண்களுக்காகப் பிரார்த்திக்கிறாள்.

மூன்று சதக் காசை எடுத்துக்கொண்டு இனிப்பு வாங்கப் போகும் இடம் ஒன்றுண்டு. கடைக்காரர் வேற்று நாட்டிலிருந்து வந்து குடியேறிய வெள்ளையர். அவர் இவளைப் பார்க்கிறார், ஆனால் காணவில்லை. அங்கே ஒரு பிள்ளை நிற்பதாக அவர் கண் ஒப்பவில்லை. காசை வாங்கும்போது அவள் கை தம் கையிற் படாதிருக்க வேண்டுமே என்ற தயக்கம். ஏசவில்லை, அடிக்கவில்லை, கேட்ட இனிப்பைக் கொடுத்துவிட்டார். நிறத்துவேஷம் என்றவுடன் தீவட்டியையும் தூக்குக் கயிற்றையும் நினைக்கும் எமக்கு, ஒரு நீட்டிய கைக்கும் அதை வாங்கத் தயங்கும் கைக்கும் இடைப்பட்ட அங்குல இடத்தில் அதனை வைத்துக் காட்டுகிறார் ஆசிரியை. கடைக்குப் போகும் வழியில் அழகென்று தோன்றிய காட்டுப்பூக்கள் திரும்பி வரும் வழியில் அவளுக்கு அசிங்கமாகத் தோன்றுகின்றன. வாங்கிய ஒன்பது இனிப்புகளின் தாளிலே பொன்னிற முடியும் நீலக் கண்ணும் உடைய ஒரு சிறுமியின் படம். அதைத் தின்பது அக்கண்களைத் தின்பது. அந்தச் சிறுமியாகவே ஆகிவிடுவது. இந்த இடத்தை நான் நாலைந்து முறை வாசித்தேன்.

வேறொரு வீட்டில் சிலநாள் தங்க நேரும்போது, மூன்று குவாட் பாலை, ஏறக்குறைய மூன்று லீற்றரை, பெக்கோலா குடித்து முடித்துவிடுகிறாள். வீட்டுக்காரி அடுக்களையில் நின்று வைகிறாள். பிள்ளைக்குப் பசியன்று. பால் வார்த்த கோப்பையில் ஷேர்லி ரெம்பிளின் முகம் இருந்தது. ஷேர்லி அக்காலத்தில் அமெரிக்கா முழுவதும் கொண்டாடிய வெள்ளைக் குழந்தை நட்சத்திரம். கோப்பையைக் கையில் ஏந்தி அம்முகத்தைப் பார்ப்பதற்காகவே அவள் மேலும் மேலும் பால் குடித்தாள்.

அந்த வீட்டுச் சிறுமி குளோடியா. ஒன்பது வயது. கதையின் பெரும்பகுதியைச் சொல்பவள் அவளே. அவளுக்கு ஷேர்லியைப் பிடிக்காது. காரணமும் அழகான காரணம். பில் றொபின்சன் என்ற கறுப்பின நடனக் கலைஞர் திரைப்படத்தில் ஷேர்லியோடு கைகோத்து ஆடுகிறார். தன்னோடு அல்லவா அவர் ஆடியிருக்க வேண்டும் என்பது குளோடியாவின் வழக்கு. நத்தாருக்கு அவளுக்கு நீலக் கண் பொம்மை ஒன்று கொடுக்கிறார்கள். அவள் அதனைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கிறாள். எல்லோரும் அழகென்று சொல்லும் அந்த அழகு உள்ளே எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே ஒன்றுமில்லை. தங்களுக்குச் சிறுவயதிற் கிடைக்காத பொம்மையை இவள் உடைத்தாளே என்று பெரியவர்கள் கண்கலங்கக் கோபிக்கின்றனர். என்ன வேண்டும் என்று யாராவது அவளைக் கேட்டிருந்தால், பாட்டியின் அடுக்களையிற் சிறு மணையொன்றில், மடி நிறையப் பூக்களோடு இருந்து, தாத்தா தனக்காக மட்டும் வயலின் வாசிப்பதைக் கேட்கவேண்டும் என்று சொல்லியிருப்பாள். ஒருவரும் கேட்கவில்லை. நாள் செல்லச் செல்லக் குளோடியாவும் ஷேர்லியை நேசிக்கக் கற்றுக்கொள்கிறாள். அதனை வளர்ச்சியென்று ஆசிரியை சொல்லவில்லை.

பொம்மை பற்றிய இக்கதை வெறுங் கற்பனையன்று. கெனத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலறிஞர் தம்பதிகள் கறுப்பும் வெள்ளையுமான பொம்மைகளைக் கறுப்பினக் குழந்தைகளின் முன்வைத்து, எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை என்று கேட்டனர். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே நல்லதென்று காட்டின. அதன்பின், உன்னைப் போன்றது எது என்று கேட்டபோது சில குழந்தைகள் அழத் தொடங்கின. 1954இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் வெவ்வேறு பாடசாலை வைப்பது சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தபோது, இவ்வாராய்ச்சியும் அதிற் குறிப்பிடப்பட்டது. தீர்ப்பு வந்தது. பொம்மைக் கடைகளுக்குத் தீர்ப்பு வழங்க எந்த நீதிமன்றத்தாலும் இயலாது.

நாவலில் என்னை அதிகம் வருத்தியவள் தாய் போலின். சிறு வயதிலேயே காலில் ஊனம். தெற்கிலிருந்து வடக்கே வந்து தனிமையிற் கிடந்தவள். பொழுதுபோக்காகப் படமாளிகைக்குச் செல்லத் தொடங்குகிறாள். அங்கேதான் அவள் அழகு என்ற ஒன்றைப் படிக்கிறாள். படித்தபின் எந்த முகத்தையும் அந்த அளவுகோலால் அளக்காமல் அவளாற் பார்க்க முடியவில்லை. ஜீன் ஹார்லோ என்ற நடிகையைப் போலத் தலைமுடியை வாரிக்கொண்டு படம் பார்த்துக்கொண்டிருந்த ஒருநாள், இனிப்பைக் கடிக்க முன்பல் உடைந்து போகிறது. அன்றோடு அழகுக்கான முயற்சியையும் அவள் கைவிடுகிறாள். பின்னர் பிறந்த மகளைப் பார்த்தவுடன் அவள் கண்ட முதற் செய்தி, பிள்ளை அழகில்லை என்பது.

இவள் ஒரு வெள்ளையர் வீட்டில் வேலை பார்க்கிறாள். அவ்வீட்டு அடுக்களை பளபளக்கிறது. அங்கே ஒருநாள் தாயைத் தேடிப் போன பெக்கோலா, சூடாக இறக்கி வைத்திருந்த பழப் பலகாரத் தட்டைத் தவறுதலாகத் தட்டிவிடுகிறாள். கொதிக்கும் பாகு அவள் கால்களில் தெறிக்கிறது. ஓடிவந்த தாய் மகளை அடித்துத் தள்ளுகிறாள். பயந்து அழும் வெள்ளைக் குழந்தையை அணைத்து ஆற்றுகிறாள். வேறு பலகாரம் செய்து தருவதாக வாக்களிக்கிறாள். வந்தவர்கள் யார் என்று அக்குழந்தை கேட்கிறது. தாய் அதற்கு விடை சொல்லவில்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த வெள்ளைக் குழந்தை இவளைச் செல்லப் பெயர் சொல்லி அழைக்கும். பெற்ற மகளோ ‘மிஸிஸ் பிறீட்லவ்’ என்றுதான் அழைப்பாள். தமிழில் முறைப்பெயர் இத்தனை வைத்திருக்கும் நாம் இந்த ஒரு விளியின் கொடுமையை எளிதில் அறியலாம்.

தந்தையைப் பற்றி எழுத என் பேனை கூசுகிறது. பெற்ற தந்தையாலேயே அப்பிள்ளை கெடுக்கப்பட்டுக் கருவுறுகிறாள். இச்செய்தியை நாவல் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. மறைத்து வைத்து வாசகனைத் திடுக்கிடச் செய்யும் மலிவான வேலை இல்லை. எனினும் அந்த அத்தியாயத்தில் நூலை மூடி மூன்று நாள் அலுமாரியில் வைத்தேன். பின்னர் எடுத்து வாசித்தபோது, அந்த மனிதன் பிறந்து நாலாம் நாள் தாயாற் குப்பை மேட்டில் எறியப்பட்டவன் என்பதையும், பையனாயிருந்தபோது துப்பாக்கி ஏந்திய வெள்ளையர் இருவர் வெளிச்சம் பாய்ச்சி அவனை ஒரு பெண்ணின் முன் அவமானப்படுத்தியதையும், அவன் அவர்களை வெறுக்க அஞ்சி அந்தப் பெண்ணை வெறுத்ததையும் அறிந்தேன். ஆசிரியை அவனை மன்னிக்கவில்லை. அவன் வந்த வழியை மட்டும் காட்டுகிறார். அமெரிக்கப் பாடசாலைகளிலிருந்தும் நூலகங்களிலிருந்தும் இந்நூலை அகற்றவேண்டும் என்று பெற்றோர் சிலர் பன்முறை முறையிட்டுள்ளனர்; அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிடும் எதிர்ப்புக்குள்ளான நூல்களின் பட்டியலில் இதன் பெயர் மீண்டும் மீண்டும் இடம்பெற்றிருக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளை கையில் இதனை வழிகாட்டியின்றிக் கொடுக்க நானும் தயங்குவேன். அகற்றச் சொல்ல மாட்டேன்.

ஒரு குறையும் சொல்லத் தோன்றுகிறது. மேற்கிந்தியத் தீவிலிருந்து வந்த கலப்பினக் குறிசொல்லி ஒருவன் கடைசிப் பகுதியில் வருகிறான். அவனுடைய வம்ச வரலாறும் அவன் கடவுளுக்கு எழுதும் கடிதமும் வேண்டிய அளவுக்கு மேல் நீள்கின்றன. ஆனால் அவனிடம் பெக்கோலா வந்து நீலக் கண் கேட்கும் இடம் வேண்டியதே. தனக்குப் பிடிக்காத கிழநாய்க்கு நஞ்சிட்ட இறைச்சியை அவள் கையாலேயே கொடுப்பித்து, நாயிடம் ஏதும் மாற்றம் நேர்ந்தால் உன் விருப்பம் நிறைவேறிவிட்டது என்று சொல்லிவிடுகிறான். நாய் துடித்து விழுகிறது. பிள்ளைக்குக் கண் கிடைத்துவிடுகிறது! அதன்பின் அவள் தனக்குத் தானே கற்பித்துக்கொண்ட ஒரு தோழியுடன் ஓயாது பேசுகிறாள். பேச்சு முழுவதும் தன் கண்ணின் நீலத்தைப் பற்றியது. உலகிலே வேறொருவருடைய கண் தன் கண்ணினும் நீலமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்னும் அச்சம் அவளைப் பிடித்துக்கொள்கிறது. மூன்றாம் படியின் விகுதி ஏன் வேண்டியிருந்தது என்பது எனக்கு இங்கே விளங்கியது. நீலக் கண் போதாது. ஒப்பிடுதல் என்னும் நோய் பற்றியவருக்கு எதுவும் போதாது.

அந்தப் பிள்ளையின் கருவிலிருக்கும் சிசு பிழைக்கக்கூடாது என்றே ஊர் பேசுகிறது. பிழைக்கவேண்டும் என்று விரும்பியவர்கள் இருவர் மட்டும்: குளோடியாவும் அவள் தமக்கை பிறீடாவும். சைக்கிள் வாங்கச் சேர்த்த பணத்தைப் புதைத்து, விற்பதற்கு வைத்திருந்த செவ்வந்தி விதைகளை நட்டு, அவை முளைத்தாற் சிசு பிழைக்கும் என்று கடவுளோடு ஓர் உடன்படிக்கை செய்கின்றனர். 1941ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் எங்கும் செவ்வந்தி முளைக்கவில்லை. சிசுவும் தங்கவில்லை. விதையை ஆழமாக நட்டுவிட்டேனோ என்று குளோடியா நெடுங்காலம் தன்னையே குற்றஞ்சாட்டிக் கொள்கிறாள்.

நூல் வெளிவந்து இருபத்துமூன்று ஆண்டுகளின் பின், 1993இல், மொறிசன் அதற்கு ஒரு பின்னுரை எழுதினார். அதில் அவர் தம் நாவலைப் பற்றித் திருப்தியின்மை ஒன்றைத் தெரிவிக்கிறார். வாசகர்கள் பெக்கோலாவுக்காக இரங்கி அந்த இரக்கத்தோடு ஆறுதலடைந்து விடுகிறார்கள். அவளை நொறுக்கியதில் தமக்கும் பங்குண்டோ என்று தம்மைத் தாமே விசாரிப்பதில்லை என்பது அவர் குறை.

இக்கட்டுரைக்காக நான் முன்னரே ஒரு பந்தி எழுதி வைத்திருந்தேன். எமது சங்கப் புலவர்கள் தலைவியை மாயோள் என்று அழைத்து அவளுடைய மாமை நிறத்தைப் போற்றினார்கள்; எமது திருமால் கரியவன்; பாரதத்துப் பாஞ்சாலிக்குக் கிருஷ்ணை, அதாவது கரியவள், என்றே பெயர்; ஆகவே கருமையை அழகென்று கண்ட மரபு எமது மரபு என்று முழங்கும் பந்தி. நன்றாகவே வந்திருந்தது. பின்னுரையை வாசித்த அன்றிரவு அதனைக் கிழித்தேன். கிழித்த காரணத்தைச் சொல்லத்தான் வேண்டும்.

1993ஆம் ஆண்டு. மொறிசன் நோபல் பரிசு பெற்ற ஆண்டு. அச்செய்தியை நான் கவனித்ததாக நினைவில்லை. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம். எனக்கு இருபத்துநான்கு வயது. ஒரு கிராமப் பாடசாலையில் தமிழாசிரியன். எனது வகுப்பிலே நல்ல கறுப்பான ஒரு பெண் பிள்ளை முன்வாங்கில் இருந்தாள். ஐந்தாம் வேற்றுமையின் ஒப்புப் பொருளுக்குக் காகத்தையும் களாம்பழத்தையும் வைத்து, எது அதிகங் கரியது என்று உதாரணம் காட்டுவது இலக்கணக்காரர் வழக்கம். நானும் காட்டினேன். பின்வாங்கிலிருந்து ஒரு பையன் அவள் பெயரையும் அந்த உதாரணத்திற் சேர்த்துச் சொன்னான். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பிள்ளையும் சிரித்தாள் என்று இத்தனை காலமும் எண்ணியிருந்தேன்.

அவ்வாண்டுப் பரிசளிப்பு விழாவுக்கு, பாரதத்துச் சூதுபோர்ச் சருக்கத்தை ஒட்டி ஒரு நாடகம் எழுதினேன். பாஞ்சாலி சபையில் முறையிடும் விருத்தங்கள் பன்னிரண்டு. ஒருமுறை சொல்லிக் கொடுக்க அத்தனையையும் பிழையின்றி ஒப்புவித்தவள் அந்தப் பிள்ளை. குரலும் அப்படிப்பட்ட குரல். ஆனால் பாஞ்சாலியாக நான் தெரிந்தெடுத்தது வேறொரு பிள்ளையை, சிவந்த பிள்ளை. அவளுக்குப் பாட வராது. ஆதலின் சிவந்தவள் மேடையில் நின்று வாயசைக்க, கறுத்தவள் திரைக்குப் பின்னால் நின்று பாடுவதென்று ஏற்பாடு செய்தேன். செய்தவன் கிருஷ்ணை என்ற சொல்லுக்குப் பொருள் தெரிந்தவன். பெற்றோமாக்ஸ் வெளிச்சத்துக்கு நிறமுள்ள பிள்ளைதான் எடுப்பாயிருக்கும் என்று காரணமும் சொன்னேன். அதிபர் முதற்கொண்டு ஒருவரும் மறுக்கவில்லை.

ஒத்திகை முடிந்த ஒரு மாலை அந்தப் பிள்ளை என்னிடம் வந்தாள். “ஐயா, நான் எந்தப் பக்கம் நிண்டு பாடுறது?” என்று கேட்டாள். ஏன் பிள்ளை என்றேன். “அம்மா பாக்க வருவா. அந்தப் பக்கமாய் இருக்கச் சொல்ல வேணும்” என்றாள். வலப்பக்கம் என்று சொன்னேன்.

நாடகம் சிறப்பாக நடந்தது. பாஞ்சாலியின் முறையீட்டுக்குச் சிலர் கண்ணீர் விட்டனர். வாயசைத்த பிள்ளைக்கு விசேட பரிசு ஒன்றும் வழங்கப்பட்டது. எல்லாம் முடிந்து விளக்குகளை அணைத்துக்கொண்டிருக்கையில், முற்றத்திற் சைக்கிளைப் பிடித்தபடி அந்தத் தாய் நின்றார். நடைக்குப் போகும் நல்ல சேலை உடுத்து வந்திருந்தார். வலப்பக்கத்து முன்வரிசையில் அவர் இருந்ததை நான் கண்டிருந்தேன்.

“பிள்ளையின்ர குரல் நல்லாய்க் கேட்டுது, ஐயா” என்றார். பிறகு மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒழுங்கையில் இறங்கிப் போனார்.